குலுங்காத வண்டி

இந்த மெத்தையை எடுத்துவிடுங்கள் ஐயா. வயசாளி என்று பார்த்து நாற்காலியில் போட்டிருக்கிறீர்கள், நல்ல மனசு. ஆனால் எனக்கு மெத்தை ஒத்துக்கொள்ளாது. பட்டாசுக் கம்பெனி வண்டிகளில் கரிசல் காட்டையே உழுது வந்த உடம்பு இது. மெத்தென்று எதிலாவது உட்கார்ந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. டீ மட்டும் இன்னொன்று சொல்லுங்கள். வீட்டில் இப்போது டீ போட்டுத் தர ஆளில்லை. ஸ்டேஷனுக்கு வந்ததில் அது ஒரு லாபம்.

வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்களே, கூட்டுரோட்டுப் பஞ்சர் கடை சம்சு, அவனைப் பற்றித்தான் பேச வந்தேன். அவன் காற்றடிக்க மறந்துபோனதால்தான் என் பங்காளி நல்லசிவத்தின் வண்டி நாலு வழிச்சாலையில் டயர் வெடித்துக் கவிழ்ந்தது என்று விருதுநகர் முழுக்கப் பேசுகிறார்கள். கவனக்குறைவாம். அந்த வார்த்தை காதில் விழுந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நான் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வண்டி செக்‌ஷன் சூப்பர்வைசராக இருந்தவன். லட்சுமிகாந்தம் என்றால் சுற்றுவட்டாரத்தில் லாரி டயர்களே எழுந்து நிற்கும். தப்பான தகவல் ஊரில் உலாவுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்கு வண்டி ஓட்ட ஆள் இருக்கிறார், அதனால் தெரிந்திருக்க நியாயமில்லை.

கரிசல் காட்டுப் பாதை மழையில் களி, வெயிலில் இரும்பு. டிராக்டர் போன தடம் அப்படியே காய்ந்து, கத்திமுனை மாதிரி நிற்கும். டயரில் காற்று முழுசாக இருந்தால் அந்தத் தடத்தின் ஒவ்வொரு மேட்டையும் அது வாங்கி உங்கள் முதுகெலும்புக்குக் கொடுத்துவிடும், ஒன்றுகூடத் தானாக வைத்துக்கொள்ளாது. காற்றைப் பாதிக்குமேல் இறக்கிவிட்டால் டயர் சப்பையாகி, கல்லை விழுங்கிக்கொண்டு போகும். வெடி லோடு உரசக் கூடாது என்பதற்காக எங்கள் கம்பெனியில் ஷெட்டுக்கு ஷெட்டு அப்படித்தான் ஓட்டினோம். என் காலத்தில் ஒரு சரம்கூட முனகியது கிடையாது.

ஆனால் அந்தச் சப்பை டயரோடு தார் ரோட்டில் வேகம் எடுத்தால் வேறு கதை. ஒவ்வொரு சுற்றுக்கும் டயர் நசுங்கி நிமிரும், நசுங்கி நிமிரும். வெயிலும் சேர்ந்துகொண்டால் அதன்மேல் வடை சுடலாம். கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளும். பிறகு பொறுத்துக்கொள்ளாது. அதனால் தார் ரோடு வந்ததும் காற்றை மறுபடி ஏற்ற வேண்டும்.

இதை மனிதர்கள் மறந்துவிடுவார்கள். சொகுசு கிடைத்தவனுக்கு அது எங்கிருந்து கிடைத்தது என்ற நினைப்பு இருப்பதில்லை. அதற்காக நான் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். காற்றை இறக்கும்போது நாலு டயரின் வால்வு மூடிகளையும் கழற்றி, ஒரு சின்னத் தட்டில் போட்டு, வண்டிக்குள் சாமி படத்தின் முன்னால் வைத்துவிட வேண்டும். மூடி தட்டில் இருந்தால் காற்று குறைவு. மூடி டயரில் இருந்தால் காற்று சரி. தட்டு காலியாகாமல் தார் ரோட்டில் ஏறக் கூடாது. ரிட்டயர் ஆன பிறகு இதே வழக்கத்தை எங்கள் பங்காளி வீடுகளுக்கும் கொடுத்தேன். காரணம், எங்கள் குலசாமி கோயில்.

அது காரியாபட்டிக்கு அந்தப் பக்கம், காட்டுக்குள். சிவராத்திரிக்கு மொத்தப் பங்காளிகளும் போவோம். சாமியின் பட்டு, சலங்கை, அரிவாள் எல்லாம் இருக்கிற பெட்டி வருஷம் முழுக்க ஊரில் இருக்கும், அன்றைக்கு மட்டும் வண்டியேறும். பெட்டி குலுங்கக் கூடாது, குலுங்கினால் சாமி முகம் சுளிக்கும் என்பது எங்கள் வகையறா நம்பிக்கை. பெட்டியை யார் வண்டி கொண்டுவருகிறதோ அவன் தலையில் முதல் பரிவட்டம். பட்டுத் துணிதான், ஒரு முழம் இருக்கும். ஆனால் அதைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது ஐநூறு பேர் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். கம்பெனியில் இருந்தவரை அது ஒரு மரியாதை. ரிட்டயர் ஆன பிறகு அது ஒன்றுதான் மரியாதை.

நான் ஜீப் வாங்கிய நாளிலிருந்து பெட்டி அதில்தான் வந்தது. நான் காற்றை இறக்கி ஓட்டினால் பெட்டிக்குள் சலங்கை சத்தம் போடாது. மனிதர்கள் குலுங்கினார்கள், உண்மைதான். மனிதர்கள் குலுங்கட்டுமே. என் ஜீப்பில் வந்து எத்தனையோ பேருக்கு வயிற்றுக் கல் தானாக இறங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்காரர்கள் என்மேல் வருத்தத்தில் இருந்தார்கள். என் மனைவி வீரலட்சுமி மட்டும் முதுகுக்கு வைத்துக்கொள்ள நீலப் பூப்போட்ட ஒரு இலவம்பஞ்சுத் தலையணை தைத்துக்கொண்டாள். போகிற இடமெல்லாம் அது அவளோடு வரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் வண்டிமீது யாரோ புகார் மனு ஒட்டிவைத்தது போல இருக்கும். ஆனால் நான் எதுவும் சொன்னதில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை.

நல்லசிவத்துக்கு வருகிறேன். சித்தப்பா மகன். சிவகாசியில் காலண்டர் அடித்துச் சம்பாதித்து, சூலக்கரைப் பக்கம் வீடு கட்டி, வாசல் அளவுக்கே ஒரு வெள்ளை வண்டி வாங்கினான். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "அண்ணே, அந்தக் காத்து எறக்குற வித்தையைக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க" என்றான். சொல்லிக் கொடுத்தேன். தட்டையும் மூடியையும் காட்டினேன். நான் பித்தளைத் தட்டு வைத்திருந்தேன். அவன் வெள்ளித் தட்டு வாங்கினான். அப்போதே எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது.

இந்த வருஷம் கூட்டம் போட்டார்கள். சோலைமலைச் சித்தப்பாதான் எங்களில் மூத்தவர். வாயில் பல்செட்டு, மூளைக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

"ஏலே லட்சுமிகாந்தம், மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதலே. இந்த வருசம் பெட்டி நல்லசிவம் வண்டியில வரட்டும். ஏசி இருக்கு. சாமியும் எம்புட்டு வருசந்தான் வேர்த்து வடிஞ்சுக்கிட்டே வரும்?"

"சாமி உங்ககிட்ட வந்து கேட்டுச்சா சித்தப்பா?" என்றேன்.

"நான் கேக்கேன்லே. போன வருசம் உன் வண்டியில வந்ததுல என் பல்செட்டு கழண்டு மடியில விழுந்துச்சு. அம்புட்டுப் பேரும் சிரிச்சாக."

அம்புட்டுப் பேரும் மறுபடியும் சிரித்தார்கள். ஒரு கிழவரின் பல்லுக்காக ஒரு குலத்தின் மரியாதை கைமாறியது. நான் சரி என்றேன். என் குரலில் ஒரு சின்ன வித்தியாசம்கூட இருந்திருக்காது, வேண்டுமானால் அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சிவராத்திரி அன்று காட்டுப் பாதை தொடங்குகிற இடத்தில் எல்லா வண்டிகளும் நின்று காற்றை இறக்கின. நல்லசிவம் ஷூவோடு இறங்கினான். காட்டுக்குள் குலசாமியைப் பார்க்க ஷூ. எண் தெரிகிற ஒரு கருவியை வைத்து, டாக்டர் நாடி பார்க்கிற மாதிரி ஒவ்வொரு டயராகப் பார்த்தான். நான் சொல்லிக் கொடுத்ததையே என்னைச் சுற்றி நின்றவர்களுக்கு விளக்கினான். பிறகு என் ஜீப்பைத் தட்டி, "அண்ணே, இனிமே பாருங்க, சாமி தூங்கிக்கிட்டே வரும். உங்க ஜீப்புல வந்தா அதுக்கே சுளுக்கு எடுக்கணும்" என்றான்.

கூட்டம் சிரித்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை, அவர்கள் கிடா வெட்டினாலும் சிரிக்கிறவர்கள். ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீரலட்சுமியும் சிரித்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தாள். ஆனாலும் என் ஜீப்பில் எப்படிக் குலுங்குவாளோ அப்படிக் குலுங்கினாள்.

இன்னொன்று. காற்று குறைந்தால் அவன் வண்டியில் ஒரு ஆரஞ்சு விளக்கு எரியும். அது கண்ணை உறுத்துகிறது என்று அவன் பொண்டாட்டி குருவம்மாள் தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து விளக்கின்மேல் ஒட்டினாள். "இப்ப மங்களகரமா இருக்குல்ல?" என்று என்னிடமே காட்டினாள். இருக்கிறது என்றேன். அந்தப் பொட்டு கடைசிவரை அங்கேயே இருந்தது. சாமி செயல் என்று யாராவது சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். இதில் சாமிக்குப் பங்கு கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

கோயிலில் பரிவட்டம் அவனுக்குக் கட்டினார்கள். தலை சிறியது. பட்டு நழுவி மூக்கில் விழுந்தது. தள்ளிவிட்டான், மறுபடி விழுந்தது. அந்த அழகைத்தான் ஐநூறு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

மறுநாள் உச்சி வெயிலில், கிடாக் கறி தின்ற மயக்கத்தில், எல்லாரும் கூட்டுரோட்டுக்கு வந்து சேர்ந்தோம். அங்கேதான் சம்சுவின் கடை. வருஷா வருஷம் எங்கள் வண்டிகள் அங்கே வரிசையாக நிற்கும். சம்சு குழாயை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியாக வருவான். அந்த நேரத்தில் ஓட்டுகிறவர்கள் தட்டை வெளியே நீட்டுவார்கள். அவன் காற்றடித்து, மூடிகளைத் தானே திருகிவிட்டுப் போவான். பணம் கோயில் பொதுப் பணத்திலிருந்து போய்விடும், யாரும் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை. மூடி போட்ட வண்டியை மறுபடி தொடாதே என்று அவனுக்கு நான்தான் சொல்லிவைத்திருந்தேன். அவனும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். சிலருக்கு வழக்கம் ஒன்றைக் கொடுத்துவிட்டால் போதும், அப்புறம் கண்ணையும் காதையும் கழற்றி வைத்துவிடுவார்கள்.

நல்லசிவம் வண்டியை வரிசையில் விட்டுவிட்டு டீக்கடைக்குப் போனான். பரிவட்டத்தைக் கழற்றவில்லை. பரிவட்டத்தோடு டீ குடித்த முதல் ஆள் எங்கள் குலத்தில் அவன்தான். பெண்களும் நிழலுக்குப் போயிருந்தார்கள். வண்டியைப் பூட்டவில்லை, பெட்டி உள்ளே இருந்தது, சாமியைப் பூட்டி வைப்பார்களா?

நான் கதவைத் திறந்தேன். முன்பக்கம் வெள்ளித் தட்டில் நாலு மூடிகள். பின் சீட்டின் ஓரத்தில் பெட்டி. குருவம்மாளின் சால்வை, ஒரு தண்ணீர் பாட்டில், நீலப் பூப்போட்ட தலையணை. உள்ளே சந்தன வாசனை, ஏசியின் குளிர் இன்னும் மிச்சம் இருந்தது. மூடிகளை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தேன். குனிந்து ஒவ்வொன்றாகத் திருகினேன். முழங்கால் வலித்தது, ஆனால் அவசரப்படவில்லை.

கவனியுங்கள் ஐயா, நான் காற்றைத் தொடவில்லை. ஒரு ஆணி குத்தவில்லை, ஒரு கம்பி அறுக்கவில்லை. கழற்றிக் கிடந்த மூடிகளை அவை இருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன். தெருவில் கிடக்கிற பிள்ளையின் செருப்பை எடுத்துக் காலில் மாட்டிவிடுகிறோம் இல்லையா, அந்த மாதிரி.

சம்சு குழாயோடு வந்தான். முகத்தில் வியர்வை, காதில் கம்ப்ரெசர் இரைச்சல்.

"நல்லசிவம் முதலாளி வண்டி முடிஞ்சுச்சா அண்ணாச்சி? அடிச்ச மாதிரி நெனப்பு இல்லையே."

"மூடியைப் பாருலே" என்றேன்.

பார்த்தான். மூடி இருந்தது. அடுத்த வண்டிக்குப் போய்விட்டான். இதை அவன் உங்களிடம் சொல்லியிருப்பான். தப்பிக்கப் பொய் சொல்கிறான் என்று நினைத்திருப்பீர்கள். அவன் சொன்னது நிஜம். நான் சொன்னதும் நிஜம். மூடியைப் பார் என்றால் அதில் பொய் எங்கே இருக்கிறது? அடுத்தது என் ஜீப். நின்று, சரியாக அளவு பார்த்து, காற்றடித்துக்கொண்டேன்.

நல்லசிவம் வந்தான். எட்டிப் பார்த்தான். "தட்டு காலி. ஏறுங்க, ஏறுங்க, கெளம்புவோம்" என்றான். அந்த ஒரு விஷயத்தில் அவன் நல்ல மாணவன். தட்டைப் பார்க்காமல் ஒரு நாளும் கிளம்பியதில்லை.

நாலு வழிச்சாலையில் என்னைத் தாண்டிப் போனபோது முன் கதவுக் கண்ணாடியை இறக்கினான். பரிவட்டத்தின் நுனி காற்றில் ஆடியது.

"அண்ணே, தார் ரோட்டுலயும் மெத்தை மாதிரியே போகுது. உங்க ஜீப்பை பேரீச்சம்பழத்துக்குப் போட்டுருங்க."

சப்பை டயர் வண்டி அப்படித்தான் போகும், தொட்டில் மாதிரி. அவனுக்குச் சொகுசாக இருந்திருக்கிறது. அவன் கேட்டதும் அதுதானே. நான் கையை ஆட்டினேன். பின் கண்ணாடிகள் கறுப்பு. உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது வெளியே தெரியாது. இதை முக்கியமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

விருதுநகர் எட்டுவதற்கு முன்னாலேயே சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்துக்காரனுக்கு வெடிச் சத்தம் புதுசா? சத்தத்தை வைத்தே மருந்து கட்டியது யார் என்று சொல்லிவிடுவேன். இது சுத்தமான வெடி. ஒரே வெடி, பிசிறில்லாமல். பிறகு புழுதி. நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி நடுத்திட்டைத் தாண்டி, சக்கரம் மேலே இருக்கக் கிடந்தது. நான் வேகத்தைக் கூட்டவில்லை, கூட்டியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்?

முதலில் பெட்டியைத்தான் எடுத்தேன். பின்னால் வந்தவர்கள் அதைத் தப்பாகப் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சாமியை நடுரோட்டில் விட முடியுமா? ஆச்சரியத்தைக் கேளுங்கள், பெட்டியில் ஒரு கீறல் இல்லை. அதை என் ஜீப்பில் வைத்து, துண்டால் துடைத்து, நிழலில் நிறுத்திவிட்டுத்தான் திரும்பி வந்தேன். அதற்குள் நல்லசிவத்தின் உயிர் போய்விட்டிருந்தது. குருவம்மாளை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள், வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால்தான் சம்சு உங்கள் பெஞ்சில் இருக்கிறான். பெட்டியை ஊருக்குள் நான்தான் கொண்டுவந்தேன். வழியில் சலங்கை ஒரு சத்தம் போடவில்லை.

இப்போது புரிகிறதா, ஏன் வந்தேன் என்று? காற்றை இறக்கச் சொன்னது யார், தட்டு யார் வைத்தது, மூடி யார் போட்டது, எல்லாம் நான். இவ்வளவையும் செய்து முடித்த பிறகு, கொட்டாவி விட்டுக்கொண்டே குழாய் பிடிக்கிற ஒருவனின் கவனக்குறைவு என்று ஊர் முடித்துக்கொள்கிறது. என் ஆயுசில் நான் இவ்வளவு கவனமாகச் செய்த வேலை வேறு கிடையாது. சம்சுவுக்கு நாதியா என்று ஒரு மகள் இருக்கிறாள், நிக்காஹ் பேசி முடித்திருக்கிறார்கள். அவளுக்காக வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்படி இருந்தால் நன்றாக இருக்கும்.

ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்? அந்த வண்டியில் செத்துப்போன மூன்றாவது ஆளைப் பற்றியா?

நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். பின் சீட்டில் வீரலட்சுமி இருந்தாள். சங்கடப்படாமல் கேட்கலாம், அவளுக்கு நேற்றுத்தான் காரியம் முடிந்தது. அவள் அந்த வண்டியில் ஏறியது எனக்குத் தெரியாது. கறுப்புக் கண்ணாடி என்று சொன்னேன் அல்லவா? பெண்களோடு வேனில் வருகிறாள் என்று நினைத்தேன்.

கோயிலிலிருந்து கிளம்பும்போது சொன்னாள்தான். "இங்க பாருங்க, முதுகு விட்டுப்போச்சு. திரும்பி வரும்போது நான் நல்லசிவம் தம்பி வண்டியில வந்துக்கிடுதேன். கோவிச்சுக்கிடாதீக" என்றாள். ஆனால் அவள் ஆயிரம் சொல்வாள். காட்டுப் பாதை முழுக்க என் பக்கத்துச் சீட்டு காலியாகத்தான் வந்தது. அதற்காக அவள் எங்கே இருக்கிறாள் என்று நான் தேடிக்கொண்டிருக்க முடியுமா? வண்டி ஓட்டுகிறவன் பாதையைத்தான் பார்க்க வேண்டும்.

ஆமாம், தலையணையைப் பார்த்தேன். பார்த்தேன் என்று நானே சொன்னேனே. சீட்டிலிருந்து சரிந்து காலடியில் கிடந்தது. அது சரியாக இல்லையென்றால் அவளுக்குச் சாய வராது, வழியெல்லாம் முனகிக்கொண்டே வருவாள். எடுத்தேன். தூசியைத் தட்டி, பஞ்சை உதறிவிட்டு, அவள் முதுகு படுகிற இடத்தில் நிமிர்த்தி வைத்தேன். அதற்குப் பிறகுதான் மூடிகளை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். பொண்டாட்டிமேல் அக்கறை இல்லாதவன் என்று மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.